கேம் போட்டால் கம்ப்யூட்டர் "அவுட்"! குற்றவாளி யார்? அம்பத்தூர் வீட்டில் துப்பு கொடுத்தார் பாட்டி!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் இருந்து பத்து நிமிட நடை. மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிற்கும் சின்ன வீடு. கடந்த கோடையில் இந்த வீட்டில் இரண்டு வாரம் தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம், ஒரு கம்ப்யூட்டர்.

தகப்பனார் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். மகன் என்ஜினீயரிங் இரண்டாவது ஆண்டு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். "காலேஜுல எல்லார்கிட்டயும் இருக்கு" என்று பையன் கேட்க, கம்பெனியில் முன்பணம் வாங்கி ரூ.55 ஆயிரத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பகலில் பாடம், இரவில் கொஞ்சம் கார் பந்தய விளையாட்டு. அதுதான் ஒப்பந்தம்.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. சித்திரை பிறந்ததும் வந்தது வினை!

பட்டென்று கறுப்பு

மாலை 7 மணிக்கு மேல் பையன் கேம் போடுவான். கார் சீறிப் பாயும். பத்து நிமிஷம், சில நாள் அரை மணி. திடீரென்று திரை பட்டென்று கறுக்கும். பெட்டிக்குள் விசிறி நின்று மறுபடி சுற்றும். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காதது போல முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

பாடம் எழுதினால் நிற்பதில்லை. சினிமா பார்த்தால் நிற்பதில்லை. கேம் போட்டால் மட்டும் "அவுட்"!

"நான் அப்பவே சொன்னேன். கேம் ஆடி ஆடியே மிஷினை எரிச்சிட்டான்" என்றார் தகப்பனார்.

"இல்லைப்பா... நான் ஒண்ணும் பண்ணலை" என்றான் மகன்.

யார் நம்புவது?

பக்கத்தில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனார்கள். (பெயர் வேண்டாம்.) "வைரஸ்" என்றார் கடைக்காரர். ரூ.800 வாங்கிக் கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். பையன் ஒன்றரை மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் போயே போச்சு! அன்று மாலையே வீட்டில் மறுபடி கறுப்பு.

இன்னொரு கடை. "கிராபிக்ஸ் கார்டு வீக். மாத்தணும்." ரூ.16 ஆயிரம். தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கடையில் மூன்று மணி நேரம் கேமை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு தடவை கூட நிற்கவில்லை. சந்தோஷமாக ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள்.

7.20-க்கு மறுபடி கறுப்பு!

தகப்பனார் பொறுமை இழந்தார். தெரிந்தவர் ஒருவரிடம் பேசினார். "30 ஆயிரத்துக்கு எடுத்துக்கறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில வர்றேன்" என்று அவரும் சொல்லிவிட்டார். பையன் அன்று சாப்பிடவில்லை.

ஆவடியில் இருந்து வந்தவர்

சனிக்கிழமை மாலை 4 மணி. தாய்மாமன் சொல்லி அனுப்பி ஆவடியில் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சென்னை ரிச்சி தெருவில் பிளாப்பி டிஸ்க் காலத்தில் தொழில் படித்தவர். நரை விழுந்த மீசை. தோளில் ஒரு பை.

வந்தவர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"நிக்கும்போது திரையில ஏதாவது எழுத்து வருதா தம்பி?"

"இல்லை அண்ணா."

"நீலமா வருமே, அது?"

"அதுவும் இல்லை. சட்டுனு ஆஃப் ஆயிடும்."

"சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"இல்லை. எல்லாமே ஒண்ணா போயிடும்."

இந்த மூன்று கேள்வியில் பாதி வேலை முடிந்தது என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கேம் மட்டும் தானாக மூடிக் கொண்டு, விண்டோஸ் பத்திரமாக இருந்தால் சந்தேகம் கேம் மேல், டிரைவர் மேல், சில சமயம் ரேம் மேல். நீலத் திரை வந்தால் விண்டோஸ் தானே ஆபத்தைக் கண்டு நிறுத்திக் கொண்டது என்று பொருள். அதில் உள்ள எழுத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும். திரை கறுத்தும் பாட்டு கேட்டால் கிராபிக்ஸ் கார்டு பக்கம் பார்க்க வேண்டும். ஒரு எழுத்தும் இல்லாமல் விளக்கை அணைத்தது போல மொத்தமும் போனால்? ஒன்று சூடு. அல்லது கரண்ட்.

மெக்கானிக் "ஈவென்ட் வியூவர்" என்ற கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். விண்டோஸ் தனக்கு நேர்ந்ததை எல்லாம் தானே எழுதி வைக்கும் இடம் அது. ஒவ்வொரு மாலையும் "கெர்னல் பவர் 41" என்று சிவப்புக் குறி. "ஒழுங்காக மூடப்படாமல் மறுபடி ஆரம்பித்தேன்" என்பதுதான் அதன் அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. ஆனால் பக்கத்தில் பிழை எண் பூஜ்யம் என்று இருந்தது. அதாவது விண்டோஸ் தானாக விழவில்லை. யாரோ காலை வாரிவிட்டார்கள்!

நேரத்தைப் பார்த்தார். எல்லாம் இரவு 7-க்கும் 10-க்கும் நடுவே. பகலில் ஒன்று கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆடுவியா?"

"ஆடுவேன் அண்ணா. நாலு மணி நேரம் ஆடினாலும் நிக்காது."

மெக்கானிக் தலையை ஆட்டிக் கொண்டார்.

அரைப்படி தூசி

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தூசி பஞ்சு மெத்தையாகக் கிடந்தது. லாரி போகும் சாலை, எஸ்டேட் புழுதி, ஜன்னலை ஒட்டி மேஜை. கேட்க வேண்டுமா?

பிராசஸர் சூட்டை அளந்தார். கேம் ஓடும்போது 97 டிகிரி! பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி பக்கம் வந்தால் தாமாக வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திக் கொள்ளும். பிரஷ்ஷால் தட்டி, விசிறியைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்துப் புதுசு தடவினார். ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டினார். சூடு 76-க்கு இறங்கியது.

"அப்பாடா! தூசிதானா?" என்றார் தாயார்.

"தூசியும் உண்டு. ஆனா சூடுதான் காரணம்னா மத்தியானம் இன்னும் சீக்கிரம் நிக்கணும். சித்திரை வெயில்ல நாலு மணி நேரம் ஓடின மிஷின், ராத்திரி பத்து நிமிஷத்துல ஏன் நிக்கணும்? ஏழு மணி வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போறேன்" என்றார் மெக்கானிக்.

டீ வந்தது. தகப்பனார் ஓரமாக நின்று கேட்டார்: "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. கேம் ஆடினா மிஷின் எரியுமா, எரியாதா?"

நியாயமான கேள்வி. உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வியும் கூட.

பெரிய இடத்து ரகளைகள்

2021 ஜூலையில் அமேசான் கம்பெனியின் "நியூ வேர்ல்ட்" என்ற விளையாட்டின் சோதனை ஓட்டத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள கிராபிக்ஸ் கார்டுகள் சில செத்துப் போயின. "கேம் கார்டைக் கொன்றுவிட்டது" என்று ஒரே கூச்சல். பிறகு விஷயம் வெளியே வந்தது. இ.வி.ஜி.ஏ. என்ற கம்பெனி, செத்த கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. சில கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக் கொண்டு மாற்றிக் கொடுத்தது. கேம் வேலை வாங்கியது. பலவீனமான பற்றவைப்பு தாங்கவில்லை.

இன்டெல் கதை இதைவிடப் பெரிசு. 2022, 2023 அக்டோபர் மாதங்களில் வந்த 13-வது, 14-வது தலைமுறை பிராசஸர்கள் போட்ட உயர்ரக கம்ப்யூட்டர்களில் புது கேம்கள் பாதியில் விழுந்தன. திரையில் வந்த செய்தி: "வீடியோ மெமரி போதவில்லை." படித்தவர்கள் எல்லாம் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கழற்றினார்கள், மாற்றினார்கள். கார்டு அப்பாவி! 2024 ஜூலையில் இன்டெல் கம்பெனியே உண்மையைச் சொன்னது. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத் தானே தேய்த்துக் கொண்டிருந்ததாம். ஆகஸ்டில் திருத்தம் வந்தது. வாரண்டியும் 2 ஆண்டு நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்து போன சில்லுகளுக்கு அந்தத் திருத்தம் உதவாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேமிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. 1980-ல் ஜப்பானில் வந்த "பேக்மேன்" விளையாட்டில் 255 கட்டம் தாண்டியவர்களுக்கு 256-வதில் பாதித் திரை குப்பையாகிவிடும். கட்டத்தை எண்ணும் இடத்தில் 255-க்கு மேல் எழுத இடம் வைக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட கோளாறு அதே இடத்தில், அதே மாதிரிதான் வரும். சாயந்திரம் மட்டும் வராது.

"அப்போ என் பையன் மேல தப்பில்லைங்கறீங்க?"

"இன்னும் தெரியலை சார். ஏழு மணி ஆகட்டும்."

"டக்குனு சத்தம் கேக்கும் கண்ணு!"

7 மணி. தெருவில் ஒவ்வொரு வீடாக ஏ.சி. ஓட ஆரம்பித்தது. பையன் கேமைப் போட்டான். மெக்கானிக் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

7.18. பட்!

"ஐயோ!" என்றான் பையன்.

அப்போது மூலையில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த பாட்டி வாய் திறந்தார்.

"தினம் இதேதான் கண்ணு. அந்தப் பொட்டி டக்குனு சத்தம் போடும். உடனே இவன் ஐயோன்னு கத்துவான்."

மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினார். "எந்தப் பொட்டி ஆயா?"

"அதோ, மேஜைக்குக் கீழே. பழைய டி.வி. பொட்டி."

குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியில், துணி போட்டு மூடி, ஒரு பழைய ஸ்டெபிலைசர்! கம்ப்யூட்டர் வயர் அதில்தான் செருகி இருந்தது.

சாலிடேர், டயனோரா டி.வி.க்கள் வீட்டுக்கு வீடு வந்த காலத்தில், டி.வி. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் கட்டாயம் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அந்த வகையறா. டி.வி. போய்விட்டது. ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

"யார் இதை வெச்சது?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

"நான்தான்" என்றார் தகப்பனார். "விலை ஒசந்த மிஷினாச்சே... சித்திரை வந்தா இங்கே வோல்டேஜ் விழும். பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் சித்திரையில் ஏன் படுத்தது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது!

மோட்டார் போட்டு நிரூபித்தார்

ஸ்டெபிலைசருக்குள் ரிலே என்று ஒரு சாதனம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் அது ஒரு கம்பியை விட்டுவிட்டு வேறு கம்பியைப் பிடிக்கும். அந்த "டக்" சத்தம் அதுதான். விடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே கண் இமைப்பதை விடக் குறைந்த நேரம் கரண்ட் இருக்காது. பழைய டி.வி.க்கு அது தெரியவே தெரியாது.

கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் கெப்பாசிட்டரில் கொஞ்சம் கரண்ட் சேமிப்பு. குடத்துத் தண்ணீர் மாதிரி. குழாய் நின்றாலும் குடத்தில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். எவ்வளவு நேரம்? முழு வேலை செய்யும்போது, ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் 16 பங்கு. அவ்வளவுதான்!

கடிதம் எழுதும்போது கம்ப்யூட்டர் கொஞ்சமாகக் குடிக்கும். குடம் தாங்கும். கேம் ஓடும்போது நாலு மடங்கு குடிக்கும். குடம் காலி. மிஷின் அவுட்!

போதாததற்கு அந்த ஸ்டெபிலைசரின் சக்தி 300 வி.ஏ. கேம் ஓடும்போது இந்தக் கம்ப்யூட்டர் இழுப்பது அதற்கும் மேலே. கழுதை மேல் லாரிச் சுமை!

சொன்னால் நம்புவார்களா? மெக்கானிக் நிரூபித்துக் காட்டினார். மல்டி மீட்டரைச் சுவரில் செருகினார். 4 மணிக்கு 221 இருந்த வோல்டேஜ் இப்போது 186.

"தம்பி, கேமை மூடிட்டுச் சும்மா ஏதாவது டைப் அடி. அண்ணி, நீங்க தண்ணி மோட்டாரைப் போடுங்க."

மோட்டார் உறுமியது. வோல்டேஜ் இன்னும் இறங்கியது. ஸ்டெபிலைசர் "டக்" என்றது. கம்ப்யூட்டர் அசையவில்லை.

"இப்போ கேமைப் போடு. மோட்டாரை நிறுத்திட்டு மறுபடி போடுங்க."

"டக்." பட்! திரை கறுத்தது.

மூன்று தடவை செய்து காட்டினார். மூன்று தடவையும் அதே கதை.

பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைத் தகப்பனாரைப் படிக்கச் சொன்னார். "100 முதல் 240 வோல்ட்" என்று போட்டிருந்தது. இந்த ரகத்துக்கு ஸ்டெபிலைசரே தேவை இல்லை! 186-லும் ஓடும், 150-லும் ஓடும். கரண்ட் போகும் பயம் இருந்தால் கம்ப்யூட்டருக்கென்று உள்ள யு.பி.எஸ். வாங்கலாம். அதுவும் கேம் இழுக்கிற வாட்ஸைக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். (மலிவு ரகத்தில் சில பெட்டிகளில் "230 வோல்ட்" என்று மட்டும் இருக்கும். வாங்கும்போது அந்தச் சீட்டைப் படிப்பவர்கள் எத்தனை பேர்?)

கடையில் ஏன் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது என்பதும் விளங்கிவிட்டது. பெட்டியை மட்டும்தானே கடைக்குத் தூக்கிப் போனார்கள். குற்றவாளி வீட்டில் மேஜைக்கு அடியில் துணி போர்த்திக் கொண்டு படுத்திருந்தது!

பாட்டி சொன்ன இன்னொரு விஷயம்

வயரைச் சுவரில் நேராகச் செருகப் போன மெக்கானிக், ஸ்டெபிலைசரின் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்ததும் முகம் மாறியது. இரண்டு பின்தான் இருந்தது. எர்த் பின் இல்லை.

"ஆயா, தரை துடைக்கும்போது இந்தப் பெட்டி மேல கை பட்டா ஏதாவது தெரியுமா?"

"சுருக்குனு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். வயசாச்சு, நரம்புன்னு நெனைச்சேன்."

நரம்பு அல்ல, கரண்ட்! இந்த வகை எஸ்.எம்.பி.எஸ்.களில் எர்த் இணைப்பு இல்லாவிட்டால், இரும்புப் பெட்டி மேல் வீட்டு வோல்டேஜில் ஏறக்குறைய பாதி வந்து உட்கார்ந்து கொள்ளும். மிகக் குறைந்த கரண்ட் என்பதால் எறும்புக் கடியோடு போகிறது. உள்ளே எதாவது பழுதாகிக் கம்பி பெட்டியைத் தொட்டால் எறும்பு பாம்பாகிவிடும். ஈரத் துணியோடு வெறும் காலில் நிற்கும் கிழவி மீது அது பாயும்.

சுவர் பிளக்கில் எர்த் உண்டா என்று பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 188 காட்டிய மீட்டர், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நிலையில்லாமல் 60, 90 என்று ஆடியது. எர்த் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

"சார், கேம் விஷயம் முடிஞ்சுது. இது முடியலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாம இந்தப் பெட்டியை ஆன் பண்ணாதீங்க. ஆயாவைக் கிட்டயே விடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்ததற்கு ரூ.500 மட்டும் வாங்கிக் கொண்டார்.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் வந்து கொல்லைப்புறம் தோண்டினார். போன ஆண்டு காம்பவுண்டுச் சுவர் கட்டியபோது கொத்தனாரின் கடப்பாரை எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தது. அன்றிலிருந்து வீடு முழுவதும் எர்த் இல்லை. பிரிஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதற்கும் இல்லை! புதுக் கம்பி போட்டு, காய்ந்து கிடந்த குழியில் உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற காவல்காரனையும் மாட்டினார்கள். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் வழி தவறிக் கசிந்தாலே மெயினைத் தட்டிவிடும் சாதனம் அது.

பத்தரை மணிக்குக் கம்ப்யூட்டரை வாங்குபவர் பணத்தோடு வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். குடுக்கறதா இல்லை. பையன் படிக்கிற மிஷின்" என்றார் தகப்பனார்.

பையன் கொல்லைக் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டுக் கொண்டிருந்தான். தகப்பனார் அவனைப் பார்க்காமலே, "டேய், வந்து இதை ஒரு கை பிடிடா" என்றார். இரண்டு வாரத்தில் அவனோடு பேசிய முதல் பேச்சு. இரண்டு பேருமாக ஸ்டெபிலைசரைத் தூக்கி வாசலில் வைத்தார்கள்.

அழிந்து போன புரோகிராமைப் பையன் மறுபடி எழுதி முடிக்கப் பன்னிரண்டு ராத்திரி ஆயிற்று. இப்போது பென் டிரைவில் ஒரு நகல் வைக்கிறான். ரூ.16 ஆயிரம் கார்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. சீட்டுப் பணம் போனது போனதுதான்.

பழைய இரும்புக்காரர் ஸ்டெபிலைசரை எடை போட்டுப் பார்த்து, உள்ளே உள்ள செம்புக் கம்பிக்காக ரூ.220 கொடுத்தார். நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கப் போன மகனைப் பார்த்துப் பாட்டி கை நீட்டினார்.

"துப்பு சொன்னது நானு. இங்கே குடு!"